மரத்தையே கூலியாகக் கேட்டவர்கள்

"மரம் வெட்டறவங்களுக்குக் காசே வேணாம்க்கா. மரத்தை அவங்க எடுத்துக்கினு, நெலத்தைச் சுத்தமாக் குடுத்துட்டுப் போயிடுவாங்க" என்று எனக்கு முதலில் சொன்னவள் என் ஓரகத்தி ரோசம்மா. அறுபத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம், ஊத்துக்கோட்டை சந்தைக்குப் போகிற பஸ்ஸில். மரம் வெட்டுகிற தொழிலில், கூலி கேட்கிற ஆளிடம் நாம் வேலை வாங்கலாம். கூலி வேண்டாம் என்கிற ஆள் நம்மிடம் வேலை வாங்கிவிடுவார். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது.

புதுவாயலுக்கு வடக்கே எங்களுக்கு இரண்டரை ஏக்கர். மாமனார் காலமான பிறகு பார்க்க ஆளில்லாமல், வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள் முளைத்து, ஆடுகூட நுழைய முடியாத காடாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அந்தப் பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. "பயிர் வெச்ச நெலத்தைக் கடைசியாத்தான் தொடுவாங்க, சும்மா கெடக்கிறதைத்தான் மொதல்ல எடுப்பாங்க" என்றார் ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம். காட்டை வெட்டி ஒரு போகம் வேர்க்கடலை போட்டுவிட்டால் நிலம் தப்பும். அதற்காகத்தான் இத்தனை பாடும். முள்ளுக்காடு வைத்திருக்கிற சகோதரிகளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

கட்டை அவருக்கு

முதலில் வந்தவர் கரிமூட்டம் போடுகிறவர். கோடரி வைப்பதற்கு முன்னால் நான் நின்று செபம் சொன்னேன். அவரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அடக்கமாக நின்றார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன்.

கரிக்கு ஆகிற பருத்த மரங்களை மட்டும் வெட்டினார்கள். மெலிந்ததெல்லாம் அப்படியே நின்றது. கழித்துப்போட்ட முள் விழுந்த இடத்திலேயே ஆள் உயரம் கிடந்தது. பார்க்கப் போன எனக்குச் செருப்பையும் மீறி முள் ஏறி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூன்று வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைசிக் கரி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது, "முள்ளை யாருப்பா எடுக்கிறது?" என்று கேட்டேன். என் காலைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுச் சொன்னார்: "நான் கட்டைக்குத்தாம்மா வந்தேன். முள்ளு உங்க பூமில வெளைஞ்சது. அதுக்குப் போய் நான் ஆசைப்படலாமா?"

சுண்ணாம்பு

அடுத்த வருஷம் செங்கல் சூளை மேஸ்திரி ஒருவர் வந்தார். சூளைக்கு முள்ளும் எரியும், ஒன்றையும் விட மாட்டோம் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் காட்டுக்கு நடுவில் மாமனார் வைத்த இரண்டு புளியமரமும் ஒரு வேம்பும் இருந்தன. அவை தப்ப வேண்டுமே என்று, சனிக்கிழமை கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு, முள்ளுக்குள் குனிந்து போய், மூன்று மரத்துக்கும் சுற்றிலும் பட்டையாகப் பூசினேன். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னேன். திங்கட்கிழமைதானே வருகிறார்கள், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். பூசை முடிந்து வருகிறேன், மூன்று மரமும் தரையில் கிடக்கின்றன. வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் சுண்ணாம்பு அடிப்பது அவர்கள் தொழிலில் வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை மேஸ்திரி சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். "நீங்க குறி போட்டதைத்தாம்மா மொதல்ல முடிச்சோம். மத்த ஊட்ல எல்லாம் குறி போடவே சோம்பேறித்தனம் படுவாங்க, பேஜாரு. உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு இன்னா கஷ்டம்?"

முழங்கால் உயரம்

புளியங்கட்டை சூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மேஸ்திரிக்கு முள்ளில் ருசி இல்லை, திரும்பி வரவில்லை. மூன்றாம் வருஷம் பொன்னேரிப் பக்கம் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்றவரைப் பிடித்தோம். முள்ளையும் எடுக்க வேண்டும் என்று செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினேன். பொய் சொல்லக்கூடாது, மனுஷர் சொன்னபடி செய்தார். இரண்டே வாரத்தில் எங்கள் நிலத்திலிருந்து பார்த்தால் ரோட்டில் போகிற லாரி தெரிந்தது. மண்டியிட்டு அழுதேன்.

மறுநாள் ஏர்க்காரர் வந்தார். நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். பூட்டின மாட்டை அவிழ்த்துவிட்டார். வெட்டினது எல்லாம் முழங்கால் உயரத்துக்கு. அதற்குக் கீழே வெட்டினால் கோடரி மண்ணில் பட்டு மழுங்கும், அதனால் எப்போதும் அப்படித்தான் வெட்டுவார்களாம். அடிக்கட்டையை வேரோடு தோண்டித் தூர் எடுப்பது வேறு ஆட்கள் வேலையாம். "இதுல ஏர் ஓட்டணும்னா, மாட்டுக்கு மொதல்ல இரும்புல கால் செஞ்சு போடுங்கக்கா" என்றார் ஏர்க்காரர்.

கடப்பாரை

தூர் எடுக்கிற ஆட்களுக்கு எங்கள் கட்டை வேண்டாமாம், ரொக்கம்தான் வேண்டுமாம். அதனால் நானும் ரோசம்மாவும் கடப்பாரை பிடித்தோம். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. மாதக் கணக்கில் தோண்டியும், கல்யாணப் பந்தல் போடுகிற அளவு இடம்தான் சுத்தமாயிற்று. அதில் கடலை விதைத்தோம். மழை வந்தது. கடலை இரண்டு இலை விட்டது. மீதி நிலத்தில் ஒவ்வொரு கட்டையிலும் பத்துத் துளிர் வந்தது. ரோசம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "ஆண்டவரு ஆசீர்வாதம் இதுக்கு மட்டும் கொறையவே மாட்டேங்குதேக்கா!"

சங்கிலி

அந்த ஈரம் காயுமுன், கம்பெனிக்கு நிலம் அளக்க சர்வேயர் சங்கிலியோடு வந்துவிட்டார். மரியாதையான மனிதர். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கடலைச் செடியைக் காட்டினேன், உள்ளங்கையைக் காட்டினேன். மூன்று வருஷக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நோட்டில் 'தரிசு' என்று எழுதினார். கிளம்பும்போது, ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "காடாவே உட்டிருந்தீங்கன்னா, கம்பெனிக்காரங்க வெட்டற செலவுக்குப் பயந்து பக்கத்து நெலத்துக்குப் போயிருப்பாங்கம்மா. நீங்க சுத்தம் பண்ணி வெச்சது அவங்களுக்கு ரொம்ப சௌகரியமாப் போச்சு."

இப்போது அங்கே உயரமான மதில் நிற்கிறது. மரத்தையே கூலியாக எடுத்துக்கொண்டு மூன்று பேர் எனக்குச் செய்த வேலை கம்பெனிக்குச் செய்த வேலையாகிவிட்டது. நானும் ரோசம்மாவும் மட்டும்தான் அதில் கூலியில்லாமல் வேலை செய்தவர்கள்.

அந்த மதிலுக்குள் வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், சாப்பாட்டு மணி அடிக்கும்போது பின்பக்கம் போய், வேலிக்காத்தான் இன்னும் துளிர்க்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.