கிள்ளானுக்குப் பூஜ்யம்

அப்பா காணாமல் போன காலையில் நான் முதலில் செய்த காரியம், ஒரு பட்டியல் போட்டது. பங்சார் ஆபீசில் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள், அந்தத் திமிர். மறதி நோய் முற்றிய மனுஷர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து எங்கே போயிருப்பார்? கோயிலுக்கு முப்பது சதவீதம், அவர் வேலை பார்த்த ரயில்வே பக்கம் இருபத்தைந்து, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு இருபது. மிச்சத்தைக் கடைத்தெருவுக்கும் ஆற்றோரத்துக்கும் பிரித்தேன்.

"கிள்ளானையும் பாரேன்டி. நேத்து முழுக்க அங்க போறேன்னுதானே சொல்லிக்கிட்டிருந்தாரு," என்றாள் அம்மா. ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் அந்த ஊரில் அவர் பிறந்த வீட்டை இடித்தே பல வருஷமாகிறது.

"பர்ஸ் இங்க, டிரெயின் கார்டு இங்க. பறந்தா போவாரு? சும்மா இரும்மா!" என்று எரிந்து விழுந்தேன். கிள்ளானுக்குப் பூஜ்யம் போட்டேன்.

ஓரிடத்தில் தேடி ஆள் இல்லையென்றால் அதன் சதவீதத்தைக் குறைத்து, மற்ற இடங்களின் சதவீதத்தை ஒரே விகிதத்தால் பெருக்கி ஏற்ற வேண்டும். கோயிலில் இல்லை, ரயில்வே பக்கம் ஏறியது. அங்கும் இல்லை, ஆற்றோரம் ஏறியது. ஐயோ, தண்ணீரைக்கூட எட்டி எட்டிப் பார்த்தேன். பூஜ்யம் மட்டும் அசையவில்லை. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. கணக்கில் ஒரு பிழையும் கிடையாது, அதுதான் கொடுமை. எனக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கலாம் என்று ஒரு சதவீதமாவது ஒதுக்கி வைத்தேனா? இல்லை.

"போய்ப் பாத்தா என்னடி குறைஞ்சு போயிரும்? போகாம விட்டு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று அம்மா மறுநாளும் கேட்டாள். அவளிடம் சதவீதம் இல்லை. தப்பாகிப் போனால் எதை இழப்போம் என்று மட்டும் பார்த்தாள். அப்படி யோசிப்பதும் ஒரு முறைதான், நானும் படித்திருக்கிறேன். அம்மா வாயால் வந்தபோது அது எனக்குப் புலம்பலாகப் பட்டது.

மூன்றாம் நாள், போலீசில் கொடுத்த படத்தை வைத்துக் கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வெயிலில் சுருண்டு விழுந்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் விழுந்த இடத்தைப் பார்க்கப் போனேன். பஸ் நிறுத்தம், பக்கத்தில் பூக்கடை. கடைக்கார ஆன்டிதான் சொன்னார்.

"லோரியில வந்து எறங்குனாரும்மா. யாரோ பாவம்னு ஏத்திட்டு வந்திருக்கான். ரெண்டு நாளும் இங்கயேதான் உக்காந்திருந்தாரு. நான்தான் தே தண்ணி வாங்கிக் கொடுத்தேன். போலீஸ்ல சொல்லட்டுமான்னு கேட்டேன்லா. வேணாம், என் மக கெட்டிக்காரி, எப்படியும் கண்டுபிடிச்சு வந்துருவான்னாரு."