தரைக்கும் ஷூவுக்கும் நடுவே

படம் எடுப்பதில் நான் கொஞ்சம் ஆசாரம் பார்க்கிறவன். கேமராவின் வெளிச்ச உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ எண்ணை நானூற்றுக்கு மேல் ஏற்ற மாட்டேன். ஏற்றினால் மங்கிய வெளிச்சத்திலும், அசைகிற ஆள்கூடக் கலையாமல் படம் விழும்தான். ஆனால் மேலே ரவை தூவிய மாதிரி புள்ளிகள் வந்துவிடும். சிட்லபாக்கம் ஏரியில் காலை வெயிலில் கொக்கு எடுக்கிறவனுக்கு இந்த ஆசாரம் கட்டுப்படியாகும். கொக்கு அசையாது.

என் மனைவி அசைவாள். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் இனி தாராளமாக ஆடலாம் என்று சொன்ன பிறகு, மேடவாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மறுபடி ஷட்டில் ஆட ஆரம்பித்திருந்தாள். அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, ஸ்மாஷ் அடிக்கிறப்ப நீங்க குதிக்கிறதே இல்ல. எட்டி ஒட்டடை அடிக்கிற மாதிரி கீது" என்றாள் ஒருநாள்.

எல்லோரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தாள். திரும்பும்போது, தாம்பரம் சாலையில் ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், பைக்கின் பின்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "நான் குதிக்கிறதாத்தான் நெனைச்சிட்டிருக்கேன். கால் தரையை விடுதா இல்லையான்னு எனக்கே தெரியலைங்க. இன்னும் பயப்படுதோ என்னவோ. ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்களேன்."

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேகம் அது. போன் வீடியோவில் கால் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு மங்கல்தான் பறந்தது. மறுவாரம் கேமராவோடு போனேன். வழக்கம்போல நானூறு. அந்த அழுக்கு டியூப்லைட்டில் ஒரு மஞ்சள் சட்டை காற்றில் கரைந்துகொண்டிருந்ததே தவிர, உள்ளே ஆளைக் காணோம். "கொக்குன்னா மட்டும் நல்லா எடுப்பீங்க" என்றாள். சுருக்கென்றது.

அதற்கடுத்த வாரம், வருவது வரட்டும் என்று ஐஎஸ்ஓவைப் பன்னிரண்டாயிரத்துக்குத் தள்ளினேன். மட்டை, ஷட்டில், பல்லைக் கடித்த முகம் எல்லாம் அப்படியே நின்றன. கூடவே ரவையும். பார்க்கச் சகிக்கவில்லை. இதை எப்படி ஒரு மனுஷிக்குக் காட்டுவது? வீட்டுக்கு வந்ததும் புள்ளி நீக்கும் மென்பொருளில் போட்டு, உரித்த முட்டை மாதிரி வழவழவென்று ஆக்கி, பெருமையோடு கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் படத்தில் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் காலைப் பெரிதாக்கினாள். ஷூவும் நிழலும் தரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"சரி விடுங்க. குதிக்கலைதான்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

ஏதோ சந்தேகம் வந்து, கைவைக்காத அசல் படத்தைத் திறந்தேன். அதே இடத்தைப் பெரிதாக்கினேன். அத்தனை புள்ளிகளுக்கு நடுவே, ஷூவுக்கும் அதன் நிழலுக்கும் இடையில் ஒரு பச்சைக் கோடு. கோர்ட்டின் பச்சை. மெல்லியதுதான், ஆனால் குதிகாலிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடியது. இரண்டு காலுக்கும் கீழே. மென்பொருள் அதையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறது.

கத்திக் கூப்பிட்டேன். கரண்டியும் கையுமாக வந்து, திரையில் மூக்கு முட்டும்வரை குனிந்தாள்.

"ஐயோ, மேலதாங்க இருக்கேன்!" கண் கலங்கிவிட்டது. உடனே கரண்டியால் என் தோளில் ஒரு தட்டு. "நானே பயந்து பயந்து ஏறியிருக்கேன். சுத்தம் பண்றேன்னு என்னைப் புடிச்சுக் கீழ இறக்கிட்டீங்களே!"