தம்பி நிறமாகி வந்த மாதங்கள்

எங்கள் வீட்டில் நிறமானவர்கள் யாரும் கிடையாது. அப்பா, அம்மா, பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த அத்தை, நான், எல்லோரும் கறுப்பு. ஆகவே மூன்று வயதுத் தம்பி திடீரென்று வெளுக்கத் தொடங்கியபோது வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயமே அதை ஓர் அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அந்த ஆடியில் மலையிறங்கிக் கதிர்காமத்துக்குப் போய்த் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு வந்தோம். அவன் பிறந்தபோது அம்மா வைத்த நேர்த்தி அது. மாணிக்க கங்கைக் கரையில் மரத்தடியில் படுத்தோம். கொசு பிடுங்கி எடுத்தது. எங்கள் மலையில் கொசுவை அவ்வளவாகக் காண முடியாது என்பதால் எனக்கு அதுவும் வேடிக்கையாகவே இருந்தது.

திரும்பி வந்த சில நாட்களில் தம்பிக்குக் குளிர் கண்டது. வேறு ஊராக இருந்தால் யாராவது பதறியிருப்பார்கள். எங்கள் தோட்டத்து மலைக்குளிரிலோ நடுங்காத பிள்ளையைத்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் பல் கிட்டும்படி நடுங்குவான், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்து நனைந்து தூங்கிப்போவான். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடுவான். அதற்கடுத்த நாள் மறுபடி கம்பளிக்குள்.

அம்மா அவனைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குத் தூக்கிப் போனாள். நானும் கூடப் போனேன். மொட்டையைப் பார்த்து டிஸ்பென்சர் ஐயா ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் மொட்டை போடுவார்கள். வேறொன்று கேட்டார்.

“கீழ்நாட்டுப் பக்கம் எங்கயாச்சும் போனியாம்மா?”

“இல்லீங்க ஐயா.”

அம்மா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. வழியில் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். “நம்ம கதிர்காமத்துக்குப் போனோமேம்மா?”

“சாமிகிட்ட போயி நோவு வாங்கியாந்தோம்னு என் வாயால சொல்லச் சொல்றியா? கன்னத்துல போட்டுக்கடி.”

போட்டுக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. கதிர்காமம் சாமி இருக்கும் இடம். அது எப்படிக் கீழ்நாடாகும்?

ஐயா சளிக் காய்ச்சலுக்கு இனிப்பு மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் மலேரியா என்று கண்டு கொயினா கொடுத்திருப்பார் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்று என் மகளுக்கு இரண்டு வயது. உடம்பு லேசாகச் சுட்டாலே டாக்டர் கேட்டதையும் கேட்காததையும் ஒப்பித்துவிடுகிறேன். ஆற்றங்கரைக்குப் போனது, யார் வீட்டில் தங்கியது, என்ன தின்றது எல்லாம். கணவருக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த மருந்துச்சாலையில், நேர்த்தி முடித்து வந்த மறு வாரம், அம்மாவின் இடத்தில் நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று பகலில் தோன்றுகிறது. எல்லா நேரமும் அப்படித் தோன்றுவதில்லை.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தம்பி நிறமாகிக்கொண்டே போனான். முகம் உப்பிக் கன்னம் வைத்தது. வயிறும் முன்னே தள்ளியது. “சோறு ஒடம்புல ஒட்டுது” என்று அப்பா சந்தோஷப்பட்டார். அவன் சோறே சரியாகத் தின்னவில்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

அத்தைக்குத்தான் பெருமை தாங்கவில்லை. “மதினி, இவன் ஒங்க வயித்துப் புள்ளதானா? கொழுந்தெடுக்கப் போன எடத்துல தொர பங்களாவுல மாத்தித் தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்பாள். பிறகு என் பக்கம் திரும்புவாள். “இந்தக் கரிச்சட்டியக் குடுத்தாக்கூட பங்களாவுல வாங்கிக்க மாட்டாங்க.”

எனக்குப் பொறாமை. ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது கேட்டேன். “எனக்கு எப்பம்மா காய்ச்ச வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் தம்பி விளையாடுவதை விட்டுவிட்டான். வாசல் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து சுவர் மண்ணைச் சுரண்டித் தின்பான். “கண்ணனும் மண்ணு தின்னவன்தானே” என்றாள் அத்தை. அம்மா வேலைவிட்டு வந்து அவன் வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டின் உட்புறமும் ஈறும் வெள்ளையாக இருந்தன. சுவர்ச் சுண்ணாம்பு என்று நினைத்துச் சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் அழுத்தித் துடைத்தாள். பிறகு கூடையை இறக்கிய இடத்திலேயே விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அத்தை அப்பாவைக் கூப்பிட ஓடினாள். நான் அம்மாவின் பின்னால் ஓடினேன்.

டிஸ்பென்சர் ஐயா தம்பியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே வயிற்றில் கை வைத்தபோது அவர் முகம் மாறியது.

“ரத்தமே இல்லையேம்மா இவனுக்கு. இப்பவாச்சும் சொல்லு. எங்க போனீங்க?”

“கதிர்காமத்துக்குங்க” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வெளியே போய்க் கொழுந்து லொறியை நிறுத்தச் சொன்னார். அதற்குள் அத்தை கூட்டிவந்த அப்பாவும் அம்மாவும் தம்பியோடு அதில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் அவனைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவரப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அத்தை என்னை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு அடுப்புப் பற்றவைக்கப் போனாள். எனக்கு வேறு கவலை இருந்தது. ரத்தம் இல்லையென்றால் எங்கேயாவது போயிருக்க வேண்டும். தம்பிக்கு எங்கும் அடிபடவில்லை, காயமும் இல்லை. பாயைப் புரட்டினேன். கம்பளியை உதறினேன். அவன் சட்டையை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். அவன் சாய்ந்திருந்த சுவரையும் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.

ஐயா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அத்தையிடம் சொல்லக் குதித்துக்கொண்டு ஓடினேன்.