துணிக்கடையில் தூக்கிய கை

மச்சினியின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். போன ஞாயிறு நான் மலைக்கு ஓடியதால் தள்ளிப்போன வேலை.

"இன்னிக்காவது ஃபோன அணைச்சி வைங்க" என்றாள் மனைவி. அணைத்தேன்.

புடவையை விரித்துக் காட்டும்போது பின்னால் ஓர் அம்மா கூப்பிட்டார். "தினேசு! டேய் தினேசு!"

என் கை தானாக மேலே போனது. "யாரும் பேசாதீங்க!" என்று கத்திவிட்டேன். கடையே அடங்கிப்போனது.

வெள்ளிமலைப் பக்கம் யாராவது பள்ளத்தில் விழுந்து காணாமல் போனால், எங்கள் தன்னார்வக் குழு முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். பிறகு நான் கையைத் தூக்குவேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, பதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்போம். போன ஞாயிறு அருவிக்குக் கீழே நாங்கள் இருட்டும்வரை கூப்பிட்டதும் ஒரு தினேஷைத்தான்.

"இன்னாம்மா, இங்கதான் கீறேன்" என்றது சட்டைகள் பக்கமிருந்து ஒரு குரல்.

"இன்னா ஆச்சுங்க உங்களுக்கு?" என்றாள் மனைவி. என் கை இன்னும் இறங்கவில்லை.

இனி புடவை எடுக்க என்னைக் கூட்டிப்போவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கடையில் இருந்தவர்கள் இதைப் படித்தால் மன்னியுங்கள். அந்தப் பெயருக்குப் பதில் வந்து இன்றுதான் கேட்டேன்.