முழுச் சுற்று நடந்தவர்

கோதண்டம் மேஸ்திரி காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவர் வீட்டார் அல்லர். அவர் இருபது ஆண்டுகள் சூளை எரித்த பீங்கான் தொழிற்கூடத்தின் மானேஜர் காரில் வந்தார். நான் காலைப் பூசையிலிருந்து எழும்வரை வாசலில் காத்து நின்று, தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். இரங்கல் கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டிய புகழுரையாம். மேஸ்திரி "நமது நிறுவனத்தின் ஆதரவோடு ஏரிச் சுற்றுப்பாதையைச் செப்பனிட்டவர்" என்றும், "சிறிது காலம் உடல்நலம் குன்றியிருந்து இறைவனடி சேர்ந்தார்" என்றும் அதில் இருந்தது. படித்த மாத்திரத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் பெருகிவந்த அறுபதுகளில், ஊருக்கு மேற்கே உள்ள ஏரியைச் சுற்றித் தேக்கும் தைலமரமும் வளர்த்துப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். வாயிலில் தொடங்கிக் கரைமேல் சென்று, உபரிநீர் வழியும் கலிங்கைக் கடந்து, மரக்காட்டினூடே மீண்டும் வாயிலுக்கே வந்து சேரும் மூன்று மைல் பாதை அது. ஞாயிறுதோறும் விடியலில் நாங்கள் இருவரும் அங்கே நடந்தோம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மடத்தில் பதிகம் ஓதிப் புராணம் சொல்பவன். அவரோ நெருப்பின் நிறத்தைக் கொண்டே சூளைக்குள் வேகும் பீங்கானின் பக்குவத்தைச் சொல்லிவிடுகிறவர். நீர்நிலையை வலமாகவே சுற்ற வேண்டும் என்று முதல் நாளே பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பக்கமாகப் போனால் வெயில் முகத்தில் அடிக்கும். அவர் சிரித்தார். "எந்தப் பக்கமா போனாலும் ஏரி கோவிச்சுக்காதுங்க ஐயா. நீங்கதான் கோவிச்சுக்குவீங்க. வாங்க, இப்பிடியே போவலாம்."

கலிங்கை நெருங்கும்போதே நாற்றம் எதிர்கொள்ளும். தொழிற்கூடத்து லாரிகள் உடைசலை அங்கேதான் கொட்டின: கைப்பிடி இல்லாத கோப்பைகள், வாய் கோணிய ஜாடிகள், குறுக்கே பிளந்த கழிப்பறைப் பீங்கான்கள். குவியலின் மறைவு ஒதுங்குகிறவர்களுக்கு வசதியாயிற்று. எங்கும் மலம், அதன்மேல் மின்னும் வெள்ளைச் சில்லு, இரண்டின்மேலும் வேற்றுமை பாராமல் அமரும் ஈக்கள். கொலுவுக்கென்று செய்து சூளையில் வெடித்துப்போன பிள்ளையார் பொம்மைகளை அந்த அசுத்தத்தின் நடுவே கண்ட நாளில், அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் திரும்பிவிட்டேன். வீட்டில் இருமுறை நீராடியும் அருவருப்பு போகவில்லை. அன்றுமுதல் கலிங்கே என் எல்லையாயிற்று. அவர் சுற்றை முடித்துக்கொண்டு வருவார். நான் வந்த வழியே மீண்டு, வாயிலில் காத்திருப்பேன்.

"கோயில்ல பாதி பிராகாரம் சுத்திட்டுத் திரும்புவீங்களா ஐயா?" என்று ஒருமுறை கேட்டார். கோயிலில் மலம் கிடப்பதில்லை என்றேன்.

"கெடக்கும். பெருக்கறவங்க இருக்காங்க, அதனால ஒங்களுக்குத் தெரியல."

சுற்று நிறைவுறாத வலம் வலமாகாது என்று மடத்தில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். பின்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டவர் அவர். ஆயினும் ஒருநாளும் அதை எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை.

பிறகு அவர் மண்வெட்டியும் கூடையும் கொண்டுவரத் தொடங்கினார். பிறர் கொட்டியதை நீர் ஏன் அள்ள வேண்டும் என்று கேட்டேன். "நான் சுட்டதுங்க. வெறும் மண்ணா இருந்தா மழையில கரைஞ்சுடும். வெந்தது கரையாது" என்றார். பிள்ளையார்களை மட்டும் தனியே பொறுக்கி, ஏரிநீரில் கழுவி, குழி வெட்டிப் புதைத்தார். நான் தொலைவில் நின்று அந்தக் கைகளைப் பார்த்து அருவருத்தேன். அன்று அவர் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடிக்கவில்லை. தாகம் இல்லை என்று பொய் சொன்னேன். அவருக்கும் அது விளங்கியிருக்கும். செம்பைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஒருவர் அள்ளுவதைவிட விரைவாக லாரிகள் கொட்டின. ஆகவே தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, என்னிடம் கொண்டுவந்தார். "நீங்க மொதல்ல போட்டா ஊரே போடும். நான் மொதல்ல போட்டா என்னை மட்டுந்தான் பாப்பாங்க" என்றார். தம் பிழைப்பையே பணயம் வைக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதே வாரத்தில்தான் தொழிற்கூடத்து முதலாளி மடத்துக்கு வந்து, சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கி, மடம் முழுவதற்கும் வெள்ளை டைல்ஸ் பதித்துத் தருவதாகச் சொல்லிச் சென்றிருந்தார். மாசி மகம் முடியட்டும், பார்க்கலாம் என்றேன் மேஸ்திரியிடம். மாசி மகம் முடிந்தது. சித்திரை பிறக்கட்டும் என்றேன். சித்திரையும் பிறந்தது.

டைல்ஸ் பதித்த மடத்தின் திறப்புவிழாவுக்கு அவர் வந்தார். விரல்களில் துணிக்கட்டு. சுவரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மயிரிழைபோல் ஓடிய வெடிப்பை அந்த விரல் கண்டுகொண்டது. நான்கடி தொலைவில் முதலாளி மாலையும் கழுத்துமாக நின்றிருந்தார். மேஸ்திரி என் காதருகே குனிந்தார்.

"இது கொட்டறதுக்குன்னு ஒதுக்கின சரக்குங்க ஐயா. லாரி ஏரிக்குப் போவாம இங்க வந்துடுச்சு."

மங்கல காரியத்தில் இப்படிப் பேசலாமா என்று கடிந்துகொண்டேன். அவர் முகம் மாறவில்லை. "நீங்க ஓதுங்க. கொரலு நல்லா இருக்குது இன்னைக்கு" என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போனார். நானும் ஓதினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. இன்று நினைத்தால் அந்தக் குரலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் மனுவை அவர் ஒருவராகவே கொடுத்தார். அதற்கு மறுவாரம் சூளையில் அவருக்கு வேலை இல்லை என்றார்கள். நான் ஏரிப்பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். மூட்டுவலி என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அவரோ கூலிக்குக் கொத்து வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கலிங்கில் அள்ளிக்கொண்டே இருந்தார் என்று கேள்விப்பட்டேன். எட்டு ஆண்டுகள். கடைசியில் ஒரு சில்லு உள்ளங்காலில் ஏறியது. சர்க்கரை உடம்பு, கால் புரையோடிற்று. தாளில் "உடல்நலம் குன்றி" என்று எழுதியிருந்தது இதைத்தான்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி செல்லம்மாள் என்னை ஒரு சொல்லாலும் சுடவில்லை. அதுவே சுட்டது. "ஞாயித்துக்கெழமன்னா, 'ஐயா இன்னைக்காவது வருவாரு, நடக்கற மாதிரி வெக்கணும்'னு சொல்லிட்டுத்தாங்க வூட்ட வுட்டுப் போவாரு" என்றார்.

அங்கிருந்து நேரே ஏரிக்குப் போனேன். கலிங்கின் அருகே புதுக் குவியல். அதன் மறைவில் அதே மலம், அதே ஈக்கள். இம்முறை திரும்பாமல் நடந்தேன். குவியலுக்கு அப்பால், ஓர் ஆள் அகலத்துக்குப் பாதை. இருபுறமும் சில்லுகளை வரப்புபோல அடுக்கியிருந்தார். அதற்கும் அப்பால் நான் பல ஆண்டுகளாகக் காணாத தேக்கங்காடு. மரங்களின் இடையே ஏரி. நாற்றம் காலோடு வந்தது. முழுச் சுற்றும் நடந்து முடித்தேன். என்னை வாயிலில் எதிர்கொள்ள ஒருவரும் இல்லை.

அந்த மனுவின் கார்பன் நகலைச் செல்லம்மாள் எனக்குத் தந்திருக்கிறார். கோதண்டம் தம் பெயரைக் கையெழுத்துக்கான இரண்டாம் வரியில் எழுதியிருக்கிறார். முதல் வரியைக் காலியாக விட்டே கொடுத்திருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வெற்று வரியைத்தான். நேற்று அதில் என் கையெழுத்தை இட்டேன், பார்க்கக் கூசுகிறது. கூசட்டும். மனு மடத்தில் இருக்கிறது. மூன்றாம் வரி உங்களுக்கு.