கோபம் வந்தால் நடக்கிறவர்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் வீட்டுக்காரரின் குரல் எட்டாத வீடு கிடையாது. ஆபீசில் கிராணியாக, கணக்கு எழுதும் வேலை பார்த்தார். காப்பியில் சீனி குறைந்தால் கத்துவார், கூடினாலும் கத்துவார். ஒருநாள் கத்திக்கொண்டிருக்கும்போதே தலைசுற்றி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

டாக்டர் அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். "ரத்தக் கொதிப்பு வர்ற மாதிரி இருக்கு. உப்பைக் குறைங்க, சுருட்டை விடுங்க, நல்லா நடங்க. முக்கியமா, கோபப்படாதீங்க."

"நான் எங்கே டாக்டர் கோபப்படுறேன்?" என்று இவர் போட்ட சத்தத்தில் கம்பவுண்டர் மருந்துக் குப்பியை நழுவவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் எழுந்து நடந்துவிடுவது. இரண்டு வைத்தியமும் ஒன்றாக முடிந்துவிடுமாம்.

மறுநாள் காலை தோசை தீய்ந்துவிட்டது. என்னை முறைத்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். வேர்த்து ஊற்றத் திரும்பி வந்து, தீய்ந்த தோசையைப் பேசாமல் தின்றார். அப்புறம் சட்டை கசங்கினால் நடை, சேவல் கூவினால் நடை. "ஐயாவுக்கு இன்னிக்கு என்னவாம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிக் கேட்பார்.

அவருக்காக நானும் உப்பைக் குறைத்தேன், அதில்தான் தோற்றேன். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் அவருக்குத் தெரியாமல் பொரிக்க முடியுமா? அவர் ஆபீஸ் போனதும் அந்த அக்கா வீட்டில் போய்ச் சாப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதை மறந்துவிட்டேன். வாசனை பிடித்துக்கொண்டு வந்தவர் ஜன்னலில் தலையை நீட்டினார். என் வாயில் பாதி நெத்திலி, வெளியே பாதி.

"ஓஹோ" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். அழாத குறையாக நான் வாசலில் நிற்க, ஒரு சீனருடைய காய்கறி வண்டியில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே வந்து இறங்கினார்.

"நாலஞ்சு மைல் தள்ளி, சாலாக் செலாத்தான் வரைக்கும் போயிட்டேன். அங்கேதான் கோபம் தீர்ந்துச்சு. திரும்பி நடக்கக் கோபம் மிச்சமில்லை."

அடுத்த தடவை டாக்டர் பார்த்தபோது கொதிப்பு இறங்கியிருந்தது. ஆனால் மனுஷனுக்குக் கோபமே வராமல் போய், வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நடக்கணும்டி. ஏதாவது சொல்லேன்" என்றார்.

"உங்க கல்யாணக் கோட்டு இருக்கே, பழைய துணிக்காரன்கிட்டே கொடுத்துட்டேன்" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். கோட்டு அலமாரியில்தான் இருந்தது.