காலை மடக்கிய குஞ்சு

காரவள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கையில், யாரோ இறக்கி வைத்த கோழிக்குஞ்சுக் கூடையிலிருந்து தவிடும் எச்சமும் கலந்த அந்த வெதுவெதுப்பான வாசம் வந்தது. மலைமேல் பெரக்கரை நாட்டில் இன்று மிளகுக்கொடி மூடிக் கிடக்கும் எங்கள் வீட்டின் வாசம்.

பிடரியைப் பிடித்துத் தூக்கினால் காலைத் தொங்கவிடுவது சேவல், மடக்கிக்கொள்வது பெட்டை என்பார்கள் எங்கள் வீட்டில். தங்கை காய்ச்சலில் கிடந்தபோது அம்மா சாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்டு, "சேவக்குஞ்சா ஒண்ணு பாத்து எடு கண்ணு" என்றாள். என் செல்லக் கருங்குஞ்சுதான் காலைத் தொங்கவிட்டது. அதைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, காலை மடக்கிய வெள்ளைக்குஞ்சை நீட்டி, "இதுதாம்மா சேவல்" என்றேன். அம்மா அதன் காலில் மஞ்சள் துணி கட்டினாள்.

தங்கை பிழைக்கவில்லை.

மஞ்சள் துணியோடு வளர்ந்த வெள்ளைக்கோழி முதல் முட்டை இட்ட அன்று, அம்மா அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் தலையைத் தடவி, "நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும் சாமி" என்றாள். கூரைமேல் கருஞ்சேவல் கூவியது.